புன்னையும் அதன் இனமரங்களும்: பெயர் வேறுபாடும் மொழிபெயர்ப்பும்

1. சிக்கல்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் அருவியாடி, மலர்களைப் பறித்துப் பாறைமேல் குவித்த செய்தியைக் கூறுமிடத்தில் கபிலர் மலர்ப்பெயர்களை அடுக்கிச் செல்கிறார். அவை 99 எனப் பொதுவாக எண்ணப்படும். அந்த அடுக்கினுள் வழை, புன்னாகம், புன்னை, நாகம் என நான்கு பெயர்கள் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. அகராதிகளைத் துணைக்கொண்டு இந்நான்கனையும் வேற்றுமொழியில் பெயர்க்க முற்படும் ஒருவர் விரைவிலேயே இடர்ப்படுவார். புன்னாகம் என்பதற்குப் புன்னை என்றே பொருள் காண்பார். வழை என்பதற்குச் சுரபுன்னை என்று காண்பார். நாகம் என்பதன் பல பொருள்களுள் சுரபுன்னையும் ஒன்றாக இருக்கக் காண்பார். பாட்டில் நான்காக நின்றவை அகராதியில் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன.

இன்றைய வழக்கு இச்சிக்கலை மேலும் வளர்த்துள்ளது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் கழிமுகக் காட்டைச் 'சுரபுன்னைக் காடு' என்று செய்தித்தாள்களும் சுற்றுலா நூல்களும் குறிக்கின்றன. அங்குச் சுரபுன்னை எனப்படுவது ரைசோபோரா என்னும் பேரினத்து மரம். உரையாசிரியர் வழைக்குப் பொருளாகக் கூறிய சுரபுன்னையோ மலைக்காட்டு மரம். ஒரே சொல் மலையில் ஒரு மரத்தையும் உப்பங்கழியில் வேறொரு மரத்தையும் குறித்து நிற்கிறது.

இதனைப் பயிரியலார் தீர்க்கவேண்டிய அடையாளச் சிக்கல் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. பெயர்கள் ஒன்றற்கொன்று எவ்வாறு உறவுகொண்டுள்ளன, அவ்வுறவை அகராதி எவ்வாறு பதிவு செய்கிறது, மொழிபெயர்ப்பு அதனை எவ்வாறு காக்கிறது அல்லது இழக்கிறது என்பன மொழியியலுக்கு உரிய வினாக்கள்.

2. மரங்களின் ஒற்றுமையும் வேற்றுமையும்

பெயர்களை ஆராயுமுன் மரங்களை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. கடற்கரைப் புன்னையின் அறிவியற்பெயர் கலோபில்லம் இனோபில்லம். லின்னேயஸ் 1753இல் இட்ட இப்பெயரின் முற்பகுதிக்கு 'அழகிய இலை' என்றும் பிற்பகுதிக்கு 'நாரிலை' என்றும் கிரேக்கத்தில் பொருள். பெயருக்கேற்ப இலையே இம்மரத்தின் முதல் அடையாளம். எதிரெதிராக அமைந்த தடித்த இலையில், நடுநரம்பினின்று விளிம்புவரை நுண்ணிய பக்கநரம்புகள் நெருக்கமாகவும் இணையாகவும் ஓடும். பூவின் இதழ்கள் வெண்மை. நடுவே மஞ்சள் மகரந்தத்தாள்கள் திரண்டிருக்கும். காய் உருண்டையானது; கடல்நீரில் மிதந்து தொலைவான கரைகளில் முளைக்கவல்லது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் கரைகளில் இம்மரம் பரவியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

தமிழ் லெக்சிகன் சுரபுன்னைக்குத் தரும் அறிவியற்பெயர் ஆக்ரோகார்ப்பஸ் லாங்கிபோலியஸ். இன்று அம்மரம் மம்மியா சுரிகா என்னும் பெயரால் வழங்குகிறது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கு உரியது. இதன் பூவும் வெண்ணிதழும் மஞ்சள் தாள்களும் உடையதே. ஆயினும் பூக்கள் முதிர்ந்த கிளைகளின் இலையற்ற கணுக்களில் கொத்தாகத் தோன்றும். அரும்பை முழுதும் மூடியிருக்கும் புறவிதழ் இரண்டாகப் பிளந்து விரியும். இலைநரம்புகள் புன்னையிலையிற்போல் இணைகோடுகளாக ஓடாமல் வலைப்பின்னலாக அமையும். உலர்ந்த பின்னும் மணம் நீங்காத இம்மலரைக் கன்னடத்தில் சுரகி என்றும் கொங்கணியில் சுரங்கி என்றும் கூறுவர். அறிவியற்பெயரிலுள்ள 'சுரிகா' என்பது இவ்வட்டாரப் பெயரை ஒட்டியது.

நாகப்பூ மரமாகிய மெசுவா பெர்ரியாவும் வெண்ணிதழும் பொன்னிறத் தாள்களும் உடையது. இதன் பூ ஏனைய இரண்டன் பூக்களைவிடப் பெரியது, இலை குறுகி நீண்டு, அடிப்புறம் வெளிறியிருக்கும், தளிர் செந்நிறமானது. பூ உதிர்ந்த பின்னும் புறவிதழ்கள் கடினமாகிக் காயின் அடியைப் பற்றிக்கொண்டிருக்கும்.

இம்மூன்று மரங்களும் முன்பு குட்டிபெரே எனப்பட்ட குடும்பத்துள் அடக்கப்பட்டன. 2009இல் வெளிவந்த பூக்கும் தாவரங்களின் மூன்றாவது வகைப்பாட்டுத் திட்டத்திற்குப் பின் இவை கலோபில்லேசியே என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. வெண்ணிதழும் பொன்தாதும் மூன்றற்கும் பொது. எனவே ஒரு பாட்டில் இவ்விரண்டு அடையாளங்கள் மட்டுமே கூறப்பட்டால் அவற்றைக்கொண்டு மரத்தைத் தெளிதல் இயலாது. இலையும், பூ தோன்றும் இடமும், புறவிதழும், மரம் நிற்கும் நிலமும் வேண்டும்.

கழிமுகத்து ரைசோபோரா இக்குடும்பத்தைச் சார்ந்ததன்று. அதன் பூ சிறியது; நான்காகப் பிரிந்த தடித்த புறவிதழ் உடையது. விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட காய்போல் தொங்கும். தண்டிலிருந்து ஊன்றுவேர்கள் வளைந்து சேற்றில் இறங்கும். புன்னையோடு இதற்குள்ள ஒப்புமை, எதிரெதிராக அமைந்த தடித்துப் பளபளக்கும் இலையளவில் நிற்கிறது. பெயர் இடம்பெயர்ந்தமைக்கு இவ்விலையொப்புமை ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

3. அடைமொழியும் இனமும்

தமிழ் இலக்கணம் பெயரின் முன் வரும் அடையை இனமுள்ள அடை, இனமில்லா அடை என இரண்டாகப் பகுத்துக் காண்கிறது. செந்தாமரை என்னுமிடத்துச் செம்மை, வெண்டாமரையினின்று வேறுபடுத்துவதால் இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்னுமிடத்து வேறு ஞாயிறு இன்மையின் அது இனமில்லா அடை. இத்தகைய அடை செய்யுளுக்கு உரியது, வழக்கிற்கு உரியதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. பாகுபாடு சிறிதாயினும் மரப்பெயர் ஆய்வுக்கு இது பெரிதும் உதவுகிறது.

பிரெண்ட் பெர்லின், டென்னிஸ் பிரீட்லவ், பீட்டர் ரேவன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட நாட்டார் உயிரினப் பகுப்புப் பற்றிய கட்டுரையிலும், பெர்லின் 1992இல் வெளியிட்ட நூலிலும் இதற்கு ஒத்த ஒரு வேறுபாடு பேசப்படுகிறது. சில கூட்டுப்பெயர்களில் தலைச்சொல் உண்மையான இனத்தைச் சுட்டும். வேறு சிலவற்றில் அது ஒப்புமைபற்றி வந்ததேயன்றி இனத்தைச் சுட்டாது. நீர்ப்பருத்தி என்னும் கரையோர மரம் பருத்திச் செடியின் வகையன்று என்பதை அதன் பெயரை வழங்குவோர் அறிவர்.

சுரபுன்னை என்னும் பெயரை இவ்வளவைகொண்டு நோக்கினால் உண்மை புலப்படும். மலைமரத்தைக் குறிக்கையில் புன்னை என்னும் தலைச்சொல் இனத்தைச் சுட்டுகிறது. புன்னைக்கும் அதற்கும் பூவிலும் மரத்திலும் உள்ள உறவை, நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெயரிட்டோர் கண்டுள்ளனர். கழிமுக மரத்தைக் குறிக்கையில் அதே தலைச்சொல் இனத்தைச் சுட்டுவதில்லை. எழுத்தும் ஒலியும் மாறாமல் இருக்க, பெயரின் உள்ளமைப்பு மாறிவிட்டது. ஆகவே இவ்விரண்டையும் ஒரு சொல்லின் இரு பொருள் என்பதைவிட, ஒரே வடிவுடைய இரு வேறு பெயர்கள் எனக் கொள்வதே தகும். அகராதியில் அவை இரு பதிவுகளாக நிற்கவேண்டும்.

4. அகராதிகள் செய்ததும் செய்யாததும்

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், மரப்பெயர்களுக்கு அறிவியற்பெயர் தந்தமையால் பெரும்பணி ஆற்றியுள்ளது. 'ஒரு மரம்', 'ஒருவகைப் பூ' என்று நின்றுவிடும் வழக்கத்தினின்று அது விலகியது. அதன்மேல் வைக்கத்தக்க குறை வேறிடத்தில் உள்ளது. உரைகளும் நிகண்டுகளும் ஒரு பெயருக்குப் பொருளாக மற்றொரு பெயரைத் தரும்போது, அவ்விரண்டும் எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் ஒன்றே என்று அவை கூறியதாகக் கொள்ளவேண்டியதில்லை. தம் காலத்து மாணாக்கர் அறிந்த பெயரால் அறியாத பெயரை விளக்கினர் என்பதே அதன் பொருள். உரைவிளக்கத்தை ஒருபொருட் பன்மொழியாக மாற்றி அடுக்கும்போது அகராதி, உரையாசிரியர் கூறாத ஒன்றை அவர் மேல் ஏற்றிவிடுகிறது.

வடமொழி அகராதிகளிலும் இந்நிலை உண்டு. மோனியர் வில்லியம்சின் 1899ஆம் ஆண்டுப் பதிப்பு, புன்னாகம் என்பதற்கு ராட்லேரா டிங்க்டோரியா, கலோபில்லம் இனோபில்லம் என இரண்டு மரங்களைத் தருகிறது. முன்னது ஆமணக்குக் குடும்பத்தைச் சார்ந்தது. இன்று மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் எனப்படும். புன்னாகம் வடமொழியில் ஒரு மரத்தை மட்டும் உறுதியாகக் குறித்ததன்று என்பதற்கு இப்பதிவே சான்று. அவ்வாறிருக்க, தமிழ்ப் பாட்டில் அது புன்னையின் மறுபெயரே என்று ஐயமின்றிக் கூறுவது எவ்வாறு?

ஆங்கிலப் பெயர்கள் இதற்குத் தீர்வாகா. புன்னை ஆங்கிலத்தில் 'அலெக்சாண்டிரியன் லாரல்' எனப்படுகிறது. அது லாரல் குடும்பத்தைச் சார்ந்ததன்று. அலெக்சாண்டிரியாவுக்கு உரியதும் அன்று. அதே ஆங்கிலப் பெயர் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சார்ந்த டானே ரெசிமோசா என்னும் புதர்ச்செடிக்கும் வழங்குகிறது. இந்தியில் புன்னை 'சுல்தான் சம்பா' எனப்படும். ஆனால் அது சண்பக இனமன்று. ஆங்கிலம் இலையை நோக்கி லாரலோடு சேர்த்தது. இந்தி பூவை நோக்கிச் சண்பகத்தோடு சேர்த்தது. தமிழ் அதனை எதனோடும் சேர்க்காமல் தனிப்பெயராக வைத்து, பிறவற்றை அதனோடு சேர்த்தது. கடற்கரையில் வாழ்ந்தோர்க்குப் புன்னை அளவுகோலாக அமைந்த மரம் என்பதை இது காட்டுகிறது. 'லாரல்' என்று பெயர்த்தால் இவ்வளவுகோல் மறைகிறது. அதனிடத்தில் கிரேக்க, உரோமானிய வெற்றிமாலையின் நினைவு புகுந்துவிடுகிறது.

5. உறவுச்சொற்களின் மயக்கம்

இனமொழிகளுக்கிடையே பெயர்ப்போர்க்கு இடர் குறைவு என்ற எண்ணமும் இங்குச் செல்லாது. மலையாளத்துப் 'புன்ன' தமிழ்ப் புன்னையோடு பொருளிலும் ஒத்துச்செல்கிறது. கன்னடத்தில் நிலை வேறு. பகரம் ஹகரமாகும் ஒலிமாற்றத்தை அறிந்த ஒருவர் 'ஹொன்னெ' என்னும் சொல்லைக் கண்டவுடன் புன்னை என்று எழுத நினைக்கலாம். கன்னடத்தில் ஹொன்னெ எனின் வேங்கை. 'சுரஹொன்னெ' என்பதைக் கண்டு சுரபுன்னை என்று எழுதினாலும் பிழையே. கன்னட வழக்கில் அது கடற்கரைப் புன்னையைக் குறிக்கும். தமிழ்ச் சுரபுன்னைக்கு நேரான கன்னடப் பெயர் சுரகி. சொல்லுறுப்புக்கு உறுப்பு ஒத்துள்ள சுரபுன்னை, சுரஹொன்னெ ஆகிய இரண்டும் வெவ்வேறு மரங்களைச் சுட்டுகின்றன. சொற்பிறப்பு ஒற்றுமை பொருளொற்றுமைக்குச் சான்றாகாது என்னும் பொதுவிதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கழிமுக மரங்களின் பெயரிலும் ஒப்பிடத்தக்க செய்தி உண்டு. தமிழில் கண்டல் என்பது பழஞ்சொல். நெய்தற் பாடல்களில் பயின்று வருவது. பின்னர் அகராதிகளில் அதற்குத் தாழை என்னும் பொருளும் ஏறியது. மலையாளம் கண்டல் என்பதை இக்காடுகளின் பொதுப்பெயராக இன்றும் காத்து, அடைகளால் வகைகளைப் பிரிக்கிறது. ரைசோபோரா மியூக்ரோனேட்டாவுக்கு அங்குப் 'பிராந்தன் கண்டல்' என்று பெயர். தமிழிலோ பிச்சாவரத்தில் சுரபுன்னை, முத்துப்பேட்டையில் அலையாத்தி என ஒவ்வோரிடத்து மரப்பெயரும் அக்காட்டின் பொதுப்பெயராக விரிந்தது. சிறப்புப்பெயர் பொதுப்பெயரானதும் வகைகளைப் பிரித்துச் சொல்லுவதற்குச் சொல் இல்லாமற் போகிறது.

பிரித்தறிய வேண்டிய வகைகளோ உள்ளன. ரைசோபோரா அப்பிகுலேட்டாவின் பூக்கள் காம்பற்று இரண்டிரண்டாக நிற்கும். இதழில் மயிர் இராது. ரைசோபோரா மியூக்ரோனேட்டாவில் பூங்கொத்து கிளைத்துப் பல பூக்களைத் தாங்கும். இதழ்விளிம்பு மயிர் அடர்ந்தது. இவ்விரண்டன் கலப்பினமும் பிச்சாவரத்தில் உண்டு. 1995இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட அது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் அண்ணாமலயானா என்று பெயர்பெற்று, பின்னர்க் கலப்பினம் எனத் தெளியப்பட்டது. மூன்றனையும் சுரபுன்னை என்ற ஒரே சொல் குறிக்குமாயின், அடையின்றி அவற்றைப் பேச இயலாது.

6. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது

குறிஞ்சிப்பாட்டின் மலரடுக்கில் இந்நான்கு பெயர்களோடு வரும் அடைகள் மிகச் சில; அவையும் நறுமை, பெருமை போன்ற பொதுத்தன்மைகளையே கூறுவன. நிலத்தைக்கொண்டு தெளியவும் வழியில்லை. தாழை, ஞாழல், புன்னை ஆகிய நெய்தல்நிலப் பூக்களும் மலைநாட்டு மகளிர் குவித்த குவியலில் உள்ளன. பூவும் புள்ளும் தத்தம் நிலம் கடந்து வரலாம் எனத் தொல்காப்பியப் பொருளதிகாரம் இடந்தருகிறது. இந்நிலையில் பாட்டு உறுதியாகத் தரும் செய்தி ஒன்றே: இவை வெவ்வேறாக எண்ணப்பட்டன. அகராதியை நம்பி இரண்டிடத்தும் 'லாரல்' என்று எழுதும் பெயர்ப்பு, பாட்டில் உறுதியாயிருந்த அவ்வொன்றையே இழக்கிறது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். காந்தளும் தோன்றியும் ஒன்றே எனக் கருதுவார் உளர். அவ்விரண்டும் இவ்வடுக்கில் இடம்பெறுகின்றன. ஆதலின் கபிலர் ஒரே பூவை இருபெயரால் எண்ணியிருக்கலாம் என்பது அம்மறுப்பு. இதனை முற்றும் தள்ளிவிட இயலாது. ஆயினும் ஒன்றெனக் காட்டவேண்டிய கடமை ஒன்றாக்குவோரையே சாரும். மேலும், இரண்டும் ஒன்றெனவே நிறுவப்பட்டாலும் பாட்டில் பெயர்கள் இரண்டே. பெயர்களின் பன்மையால் குவியலின் பெருமையைக் காட்டும் ஒரு பகுதியைப் பெயர்ப்போர், பெயர்களைக் குறைத்தல் முறையாகாது. இத்தகைய அடுக்கில் தமிழ்ப்பெயரையே ஒலிபெயர்த்து வைத்து, அடையாளத்தைக் குறிப்புரைக்கு விடுவது பொருந்தும்.

வருணனைப் பாடல்களுக்கு இம்முறை போதாது. அங்குப் பாட்டே அடையாளங்களைத் தரும். கரிய அடிமரம், வெண்பூ, பொன்போல் உதிரும் தாது, மணல்மேல் விழும் அடர்நிழல் என்பன கூறப்படின், புன்னை என்னும் பெயரை வைத்து அவ்வடையாளங்களைத் தெளிவாகப் பெயர்த்தாலே படிப்போர்க்கு மரம் தோன்றும். கவிதை பயிரியல் நூலன்று, அறிவியற்பெயர் அதன் ஓசையைக் கெடுக்கும் என்னும் வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் அவ்வாதம் தவறான ஆங்கிலப் பெயருக்கு இடந்தருவதாகாது.

அலுவல்சார் உரைநடையில் நிலை மாறுகிறது. பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாட்டின் கரையோரங்களில் இத்தகைய காடுகளை வளர்க்க 'மிஷ்டி' என்னும் திட்டத்தை ஒன்றிய அரசு 2023இல் தொடங்கியது. இத்தகைய பணிகள் பற்றிய அறிக்கைகளும் கையேடுகளும் ஒரு மாநில மொழியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லவேண்டியவை. நாற்று வளர்ப்போர் கையில் சேரும் கையேட்டில் 'சுரபுன்னை' என்றிருந்து, மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்து மலைமரத்தின் பெயரை எழுதிவிட்டால், உப்புநீரில் வாழாத மரத்தை உப்பங்கழிக்குப் பரிந்துரைத்ததாக முடியும். மறுதலையாக, இன்றைய வழக்கை மட்டும் அறிந்த ஒருவர் உரையாசிரியரின் சுரபுன்னையைக் கழிமுக மரமாகக் கொண்டால், வழை நிறைந்த மலைச்சாரல் சதுப்பு நிலமாகிவிடும். முன்னதில் நடவு கெடும். பின்னதில் திணை கெடும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில தெளிவாகின்றன. முதலாவது, அகராதியில் மரப்பெயர்ப் பதிவு அறிவியற்பெயரோடு நிற்றல் போதாது. அப்பொருள் எந்நூலில், எவ்வுரையில், எவ்வட்டாரத்தில் வழங்குவது என்பதும் குறிக்கப்படவேண்டும். சுரபுன்னைக்கு உரைவழக்கு, கழிமுக வழக்கு என இரு பதிவுகள் வேண்டும். இரண்டாவது, கூட்டுப்பெயரின் தலைச்சொல் இனத்தைச் சுட்டுகிறதா, ஒப்புமை பற்றியதா என்பது பதிவில் தெரியவேண்டும். அதற்குரிய கருவி இனமுள்ள அடை, இனமில்லா அடை என்னும் பாகுபாட்டிலேயே உள்ளது. மூன்றாவது, இனமொழிகளின் உறவுச்சொற்கள் பொருளொற்றுமையோடு தரப்படவேண்டும்; ஒலியொற்றுமை மட்டும் தரின் ஹொன்னெ புன்னையாகிவிடும். நான்காவது, கண்டல் என்னும் பழஞ்சொல்லைப் பொதுப்பெயராக மீட்டு, அடைகளால் வகைகளைப் பிரிப்பதாயின் தமிழும் மலையாளமும் ஒரே சொல்லால் ஒரே காட்டைப் பேசும் நிலை உண்டாகும்.

பெயரிட்டோர் புன்னையையும் அதன் மலைநாட்டு உறவையும் ஒரே சொல்லால் இணைத்து, ஓர் அடையால் பிரித்தனர். இணைப்பும் பிரிப்பும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அப்பெயர். ஒன்றை மட்டும் கொண்டு மற்றொன்றை விடும் அகராதியும் மொழிபெயர்ப்பும் பெயரில் பாதியையே தருகின்றன.